சம்ப்பில் ஊற்றும் ஹைப்போவால் புற்றுநோய் வருமா? நிறுத்திவிடலாமா?

போரூர்_செயலர் (கேள்வி)

எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். கீழே 30,000 லிட்டர் சம்ப், மாடியில் நான்கு டேங்க். மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பற்றாததற்கு 12,000 லிட்டர் தனியார் லாரி. லாரி இறக்கியதும் வாட்ச்மேன் ஒரு மக் ஹைப்போ (கிருமி கொல்லும் குளோரின் திரவம்) ஊற்றுவார், ஏறக்குறைய ஒரு லிட்டர். கேனில் 10% என்று ஒட்டியிருக்கிறது.

குளோரின் போட்ட தண்ணீரில் ட்ரைஹேலோமீத்தேன் உண்டாகும், அது புற்றுநோய் தரும் என்று ஒரு ஃபார்வர்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. பாதிப்பேர் ஹைப்போவை உடனே நிறுத்தச் சொல்கிறார்கள். பொதுக்குழுவில் பதில் சொல்ல வேண்டும். விஷயம் உண்மையா? ஒரு மக் அதிகமா? லேபில் எதைக் கேட்டு டெஸ்ட் எடுப்பது? எல்லார் வீட்டிலும் ஆர்ஓ இருக்கிறது, அது போதாதா?

இன்னொன்று. சி பிளாக் குழாய்களில் மட்டும் குளோரின் நெடி தூக்கலாக அடிக்கிறது. மற்ற பிளாக்குகளில் அப்படி இல்லை.

ஏரிநீர்

விஷயம் உண்மைதான். ஆனால் அதிலிருந்து "நிறுத்து" என்ற முடிவுக்குப் போவதுதான் தப்பு.

தண்ணீரில் இலைதழை, பாசி, மண் மட்கியதில் இருந்து கரைந்து வரும் கரிமப் பொருள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். குளோரின் கிருமியைக் கொல்வதோடு நிற்காமல் இதையும் தாக்குகிறது. அப்போது உண்டாகும் துணைப்பொருள்களில் இரண்டு குடும்பங்கள்தான் முக்கியம். ஒன்று ட்ரைஹேலோமீத்தேன்: குளோரோஃபார்மும் புரோமின் கலந்த அதன் மூன்று உறவுகளும். இன்னொன்று ஹேலோஅசிட்டிக் அமிலங்கள். 1974 இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குமுன் குளோரின் போடுவதில் இப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது.

எவ்வளவு உண்டாகும் என்பதைத் தீர்மானிப்பவை: கரிமப் பொருளின் அளவு, குளோரின் அளவு, இரண்டும் சேர்ந்து கிடக்கும் நேரம், வெப்பம், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு), புரோமைடு (உப்புத் தண்ணீரில் இருக்கும் புரோமின் உப்பு). பி.எச். ஏறினால் ட்ரைஹேலோமீத்தேன் கூடும். இறங்கினால் ஹேலோஅசிட்டிக் அமிலங்களில் சில கூடும், ஆகவே பி.எச்.சை வைத்து விளையாடி இரண்டிலிருந்தும் தப்ப முடியாது. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம், வீராணம் எல்லாமே திறந்த ஏரிகள். கோடையில் நீர்மட்டம் இறங்கிப் பாசி பிடிக்கும்போது கரிமப் பொருள் ஏறும். அதே மாதங்களில்தான் மொட்டைமாடி டேங்க்கும் கொதிக்கிறது. ஆகவே ஒரே ஒரு டெஸ்ட்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஏப்ரல், மே மாதத்தில் எடுங்கள். டிசம்பர் ரிசல்ட்டை வைத்து நிம்மதியடையக் கூடாது.

சுத்திகரிப்பு நிலையத்தில் இதைக் குறைக்கும் வழி வேறு. படிகாரம் போட்டுக் கரிமப் பொருளை முதலில் படிய வைத்து, வடிகட்டி, அதற்குப் பிறகு குளோரின் போட வேண்டும். சுத்திகரிக்காத பச்சைத் தண்ணீரிலேயே முதல் டோஸ் அடித்தால் துணைப்பொருள் எகிறும். உங்கள் சம்ப்புக்கும் இதே கணக்குதான்: அடியில் வண்டல் கிடக்க, அதன்மேல் ஹைப்போ ஊற்றினால் பாதி குளோரினை வண்டல் தின்றுவிடும். "குளோரின் காட்டவில்லையே" என்று இன்னொரு மக் ஊற்றுவார்கள். கழுவாத சம்ப்பில் துணைப்பொருள் ஏறுவது இப்படித்தான்.

உங்கள் ஒரு மக் கணக்கு: 10% ஹைப்போ ஒரு லிட்டரில் 100 கிராம் குளோரின். சம்ப் கிட்டத்தட்டக் காலியாக இருந்து 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் மட்டும் என்றால் லிட்டருக்கு 8.3 மி.கி. நிறைந்த சம்ப் என்றால் 3.3 மி.கி. ஒரே மக், இரண்டரை மடங்கு வித்தியாசம். மக் என்பது அளவே இல்லை. குழாயில் மிச்சமாக நிற்க வேண்டியது 0.2 முதல் 0.5 மி.கி. தான். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500 இல் குறைந்தபட்சம் 0.2, மாற்று வழி இல்லாதபோது 1 வரை ஏற்கிறார்கள். வைரஸ் பயம் இருக்கும் காலத்தில் 0.5 வேண்டும்.

கண்ணாடிக்குடுவை

செயலர் சார், மக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 1 லிட்டர் பாட்டில் ஆறு, ஊசி இல்லாத சிரிஞ்ச் இரண்டு, டிபிடி குளோரின் கிட் (தண்ணீரில் மிச்சமுள்ள குளோரினை நிறத்தால் காட்டுவது) ஒன்று. இவ்வளவுதான் செலவு.

நீங்கள் ஊற்றும் அதே கேனில் இருந்து 10 மி.லி. ஹைப்போ எடுத்து, ஆர்ஓ தண்ணீரில் கலந்து 1 லிட்டர் ஆக்குங்கள். (சம்ப் தண்ணீரில் கலந்தால் அதுவே குளோரினைத் தின்றுவிடும்.) இதுதான் கரைசல். இப்போது ஹைப்போ போடாத லாரித் தண்ணீரை ஐந்து பாட்டிலில் 1 லிட்டர் வீதம் பிடித்து, முறையே 1, 2, 3, 4, 5 மி.லி. கரைசல் விடுங்கள். மூடி, குலுக்கி, இருட்டில் 30 நிமிடம் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் டிபிடி போட்டு ஒரு நிமிடத்துக்குள் நிறத்தைப் படியுங்கள். எதில் 0.5 காட்டுகிறதோ அதுதான் உங்கள் டோஸ்.

2 மி.லி. விட்ட பாட்டில் சரியாக வந்தது என்று வையுங்கள். அந்த 2 மி.லி. கரைசலில் இருக்கும் அசல் ஹைப்போ 0.02 மி.லி. அப்படியானால் 12,000 லிட்டருக்கு 240 மி.லி., 30,000 லிட்டருக்கு 600 மி.லி. இதில் ஒரு சௌகரியம் கவனித்தீர்களா? கேனில் 10% என்று எழுதியிருந்து உள்ளே 5% தான் இருந்தாலும் கணக்கு தப்பாது. சோதித்ததும் அதே ஹைப்போதானே.

லேபிளை நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. மொட்டைமாடியிலோ ஜெனரேட்டர் அறையிலோ கிடக்கும் கேன் சென்னை வெயிலில் ஓரிரு மாதத்தில் பாதி வீரியத்தை இழந்துவிடும். இழந்த குளோரின் எங்கேயும் போவதில்லை, கணிசமான பகுதி குளோரேட் என்ற வேண்டாத உப்பாக மாறி அங்கேயே நிற்கிறது. பழைய கேன் என்றால் கூடுதலாக ஊற்றுவோம், கூடவே குளோரேட்டும் ஏறும். உலக சுகாதார நிறுவனம் குளோரேட்டுக்கு லிட்டருக்கு 0.7 மி.கி. என்று வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது. ஆகவே 50 லிட்டர் டிரம் மலிவு என்று வாங்காமல் ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் வாங்கி, படிக்கட்டுக்கு அடியில் நிழலில் வையுங்கள். கேன் வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதி வைத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

டிபிடியில் ஒரு ஏமாற்று உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு தோன்றிய வேகத்தில் வெளுத்துப்போகும். பார்ப்பவர் "குளோரின் இல்லை" என்பார். சந்தேகமாக இருந்தால் ஒரு பங்கு சாம்பிளுக்கு நான்கு பங்கு ஆர்ஓ தண்ணீர் சேர்த்து மறுபடி பாருங்கள். நிறம் நின்றால் அதை 5 ஆல் பெருக்குங்கள்.

கேணிக்கரை

இவ்வளவு தலைவலி எதற்கு? ஹைப்போவை நிறுத்திவிட்டு சம்ப் பம்ப்பில் ஒரு யுவி (புற ஊதா விளக்கு) யூனிட் மாட்டிவிடலாமே. வீட்டில் ஆர்ஓவும் இருக்கிறது. துணைப்பொருளே வராது.

ஏரிநீர்

@கேணிக்கரை, யுவி விளக்கைத் தாண்டிய அடுத்த நொடியில் தண்ணீருக்குக் காவல் கிடையாது. உங்கள் தண்ணீர் பம்ப்பைத் தாண்டி மாடி டேங்க்குக்குப் போய், அங்கே மூடி சரியாக மூடாமல் ஒருநாள் நின்று, பிறகு 48 வீட்டுக் குழாய்க்குள் இறங்குகிறது. வழியில் புறா எச்சமோ ஒரு கசிவோ கலந்தால் யுவி என்ன செய்யும்? மிச்சக் குளோரின் தேவைப்படுவதே இதற்காக. கலங்கல் தண்ணீர் என்றால் யுவி உள்ளேயே ஊடுருவாது, அது தனிக்கதை. மெட்ரோ வாட்டரில் ஏற்கெனவே உண்டாகி வந்த ட்ரைஹேலோமீத்தேனையும் வீட்டு யுவி தொடாது.

மருந்துச்சீட்டு

ஆபத்தின் அளவைப் பற்றிச் சொல்கிறேன், பொதுக்குழுவில் இதைத்தான் கேட்பார்கள்.

குளோரோஃபார்மையும் புரோமோடைகுளோரோமீத்தேனையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில் வைத்திருக்கிறது. "மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்" என்று பொருள், தரும் என்று உறுதியானது அல்ல. மக்களிடையே நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். அதுவும் பல பத்தாண்டுகள் அதிக அளவு உள்ள தண்ணீரைப் பயன்படுத்தியவர்களிடம். 2020 இல் வெளியான ஒரு மதிப்பீடு ஐரோப்பாவின் 26 நாடுகளில் வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய 5 சதவீதம் ட்ரைஹேலோமீத்தேனோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்றது. சிறியதுதான், ஆனால் ஒதுக்கித்தள்ளும் அளவு சிறியதல்ல. சிகரெட்டுக்கு இதைவிடப் பல மடங்கு பங்கு உண்டு என்பதையும் குழுவில் சொல்லுங்கள், சிலருக்கு உறைக்கும். கர்ப்ப காலத்தில் குழந்தையின் எடை குறைவது பற்றியும் ஆய்வுகள் உண்டு, முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

மறுபக்கம், கழிவுநீர் கலந்த தண்ணீரைக் குளோரின் இல்லாமல் குடித்தால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலைக்கு முப்பது வருடம் காத்திருக்க வேண்டாம். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தெரிந்துவிடும். துணைப்பொருளைக் குறைக்கப்போய்க் கிருமிநீக்கத்தில் கைவைக்கக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும்.

இந்த விவாதத்தில் யாராவது 1991 பெரு நாட்டுக் காலராவை இழுப்பார்கள். புற்றுநோய்க்குப் பயந்து குளோரினை நிறுத்தினார்கள், காலரா வந்தது என்று அந்தக் கதை போகும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குழாய், கழிவுநீர் வசதிகளே பாழாய்க் கிடந்ததுதான் முதன்மைக் காரணம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். குளோரின் அவசியம் என்று சொல்ல அந்தக் கதை தேவையும் இல்லை.

ஒரு விஷயம் பலரும் விட்டுவிடுவது: ட்ரைஹேலோமீத்தேன் வாய்வழியாக மட்டும் வருவதில்லை. எளிதில் ஆவியாகும், தோல் வழியாகவும் ஏறும். கதவைச் சாத்திக்கொண்டு சுடுநீர் ஷவரில் நிற்பது, குடிக்கும் தண்ணீருக்கு இணையான பங்கைத் தரலாம். கீசரில் சூடாகக் கிடக்கும் தண்ணீரில் மிச்சக் குளோரின் இன்னும் வேலை செய்து அளவைக் கூட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுக் குளியுங்கள். காசு செலவில்லாத தீர்வு.

கண்ணாடிக்குடுவை

லேப் விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமான "வாட்டர் டெஸ்ட்" பேக்கேஜில் ட்ரைஹேலோமீத்தேன் இருக்காது. டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரும் இதைக் காட்டாது. என்ஏபிஎல் (லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேபில், அந்த அங்கீகாரப் பட்டியலிலேயே ட்ரைஹேலோமீத்தேன் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான்கையும் தனித்தனியாக, லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில், கேஸ் குரோமட்டோகிராப் கருவியில் பார்த்துத் தர வேண்டும். ஹேலோஅசிட்டிக் அமிலம் வேறு முறை, தனிக் கட்டணம்.

சாம்பிள் எடுப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. பிஸ்லேரி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் பாதி ஆவியாகிவிடும். லேப் கொடுக்கும் 40 மி.லி. பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்பு தளும்ப நிரப்பி மூட வேண்டும். கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள், குமிழி ஏறினால் வேறு குப்பி. குப்பிக்குள் கொஞ்சம் வெள்ளைத் தூள் இருக்கும். அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள்! மிச்சக் குளோரினை அடக்குவதற்கான மருந்து அது. இல்லாவிட்டால் லேபுக்குப் போகும் வழியெல்லாம் துணைப்பொருள் உண்டாகிக்கொண்டே இருக்கும், ரிசல்ட் கூடுதலாகக் காட்டும். குழாயின் வலையைக் கழற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, ஒழுக்கைக் குறைத்துப் பிடித்து, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.

எங்கே பிடிப்பது? மெட்ரோ இணைப்பு சம்ப்பில் விழும் இடத்தில் ஒன்று, மாடி டேங்க்கில் இருந்து கடைசியாகத் தண்ணீர் இறங்கும் வீட்டில் ஒன்று. முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் வந்தால் கோளாறு உங்கள் வளாகத்துக்குள். முதலாவதே அதிகம் என்றால் உங்கள் மக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரிசல்ட்டைப் படிக்கும் விதம். ஐஎஸ் 10500 வரம்புகள் லிட்டருக்கு மைக்ரோகிராமில்: குளோரோஃபார்ம் 200, புரோமோடைகுளோரோமீத்தேன் 60, டைபுரோமோகுளோரோமீத்தேன் 100, புரோமோஃபார்ம் 100. இதே வரிசையில் 40, 30, 40, 30 என்று வந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நான்கும் தனித்தனியே பாஸ். ஆனால் கூட்டினால் 140. அமெரிக்க வரம்பு மொத்தம் 80, ஐரோப்பாவில் 100. உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொன்றையும் அதனதன் வழிகாட்டு அளவால் வகுத்துக் கூட்டச் சொல்கிறது, மொத்தம் 1 ஐத் தாண்டக் கூடாது. அவர்களுடைய குளோரோஃபார்ம் அளவு 300, மற்ற மூன்றும் நம்முடையதேதான். 40/300 + 30/60 + 40/100 + 30/100 = 1.33. தாண்டிவிட்டது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "தரத்துக்குள் உள்ளது" என்று அச்சடித்திருந்தாலும் இந்தக் கூட்டலை நீங்கள் போட்டுப் பாருங்கள்.

புரோமின் வகைகள் தூக்கலாக வந்தால் லாரியைச் சந்தேகப்படுங்கள். கடலோர ஆழ்துளைத் தண்ணீரில் உப்பு ஏறும்போது புரோமைடும் ஏறும். கடல்நீரில் குளோரைடு ஏறக்குறைய 19,000 மி.கி., புரோமைடு 65 மி.கி. அதே விகிதத்தில், கடல்நீர் புகுந்ததால் 500 மி.கி. குளோரைடு காட்டும் லாரித் தண்ணீரில் 1.7 மி.கி. புரோமைடு இருக்கலாம். துணைப்பொருளைப் புரோமின் பக்கம் திருப்ப அது தாராளம். புரோமின் வகைகளுக்கு எடையும் அதிகம், நச்சும் பொதுவாக அதிகம். சாதாரண குளோரைடு டெஸ்ட் மலிவு. லாரிக்காரரை மாற்றுமுன் அதை எடுங்கள்.

போரூர்_செயலர்

மிக்க நன்றி. சி பிளாக் நெடி பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்களிடம் இருக்கும் பழைய குளோரோஸ்கோப்பில் (குளோரின் பார்க்கும் கிட்) அங்கே நல்ல மஞ்சள் வருகிறது. ஆனால் உடனே வருவதில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏறுகிறது.

ஏரிநீர்

புற்றுநோயை ஒரு பக்கம் வையுங்கள், இதை முதலில் பாருங்கள். குளோரோஸ்கோப்பில் விடும் ஆர்த்தோடொலிடின் சொட்டு பட்டதும் சில நொடியில் மஞ்சள் வந்தால் அது கட்டற்ற குளோரின், அதாவது எதோடும் சேராமல் நிற்பது. நிமிடக் கணக்கில் மெதுவாக ஏறினால் அது குளோரமின், அதாவது குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்துவிட்டது. கண்ணை உறுத்தும் அந்த நெடியும் பெரும்பாலும் இதனால்தான். "நெடி அடிக்கிறது, குளோரின் அதிகம்" என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் உருப்படியாக வேலை செய்யும் குளோரின் அங்கே பற்றவில்லை.

அம்மோனியா எங்கிருந்து வந்தது? சி பிளாக்குக்குப் போகும் குழாயோ அதன் மாடி டேங்க்கோ கழிவுநீரோடு உறவாடுகிறது என்பதே என் முதல் சந்தேகம். குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் பக்கத்துக் கழிவுநீர்க் குழாயின் கசிவு உள்ளே இழுக்கப்படும். மீன் தொட்டிக்கு விற்கும் அம்மோனியா கிட் கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கும். ஏ பிளாக், சி பிளாக் இரண்டிலும் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜனை முறிக்க 8 முதல் 10 மி.கி. குளோரின் வேண்டும். இதை மக்கால் சமாளிக்கப் பார்த்தால் துணைப்பொருள் எகிறிவிடும். கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை சி பிளாக்கில் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று இன்றே நோட்டீஸ் ஒட்டுங்கள்.

அந்தக் குளோரோஸ்கோப்பையும் ஓய்வுபெற விடுங்கள். ஆர்த்தோடொலிடினே கையில் படக்கூடாத, புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள ரசாயனம். டிபிடிக்கு மாறுங்கள்.

சம்ப் கழுவும்போது ஒரு எச்சரிக்கை. தண்ணீரை இறைத்து, வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகு லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் கரைசலை அடித்து ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வெளியேற்ற வேண்டும். ஆள் இறங்குமுன் இரண்டு மூடியையும் திறந்து வைத்து ஃபேன் விட்டுக் காற்றோட்டம் செய்யுங்கள், மேலே ஒருவர் நின்றே ஆக வேண்டும். கறை போக டாய்லெட் ஆசிட்டை ஊற்றிவிட்டு அதன்மேல் ஹைப்போ ஊற்றும் பழக்கம் சில கழுவும் ஆட்களிடம் உண்டு. உள்ளே குளோரின் வாயு கிளம்பும், இறங்கியவர் ஏறி வர மாட்டார். ஆசிட்டை வளாகத்துக்குள்ளேயே விடாதீர்கள்.

கேணிக்கரை

சரி, ஆர்ஓ பற்றிய கேள்வி பாக்கி இருக்கிறதே.

கண்ணாடிக்குடுவை

ஆர்ஓ சவ்வு ஹேலோஅசிட்டிக் அமிலங்களை நன்றாகத் தடுக்கும். குளோரோஃபார்ம் சிறியது, மின்னேற்றம் இல்லாதது, அதனால் சவ்வு வழியாகக் கணிசமாக நழுவிவிடும். அதைப் பிடிப்பது சவ்வுக்கு முன்னால் இருக்கும் கார்பன் கேட்ரிட்ஜ். அதிலும் ஒரு சூது உண்டு. கார்பன் குளோரின் நெடியை நீண்ட நாள் நீக்கிக்கொண்டே இருக்கும், ஆனால் குளோரோஃபார்மைப் பிடிக்கும் சக்தி அதற்கு வெகுமுன்பே தீர்ந்துவிடும். நெடி இல்லை என்பதால் கேட்ரிட்ஜ் நன்றாக இருப்பதாக அர்த்தமில்லை. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு அல்லது ஆறு மாதம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். தளர்வான துகள் நிரப்பியதைவிட அழுத்திய கார்பன் பிளாக் நல்லது. வாங்கும்போது என்எஸ்எஃப் 53 (உடல்நலத்துக்குக் கேடான பொருளைக் குறைப்பதற்கான தரம்) சான்று கேளுங்கள். 42 என்பது சுவைக்கும் நெடிக்கும் மட்டும்.

டிடிஎஸ் 300க்குள் இருக்கும் தண்ணீருக்கு ஆர்ஓவே வேண்டாம் என்பது என் கருத்து, கார்பன் பிளாக்கும் யுவியும் போதும். லாரித் தண்ணீர் கலப்பதால் நீங்கள் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போரூர்_செயலர்

கடைசியாக ஒன்று. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஃபார்முலா பால் கலக்க எந்தத் தண்ணீர்?

மருந்துச்சீட்டு

ஃபில்டர் தண்ணீர், ஆனால் கொதிக்க வைத்தது. கார்பன் தாண்டிய தண்ணீரில் குளோரின் இருக்காது, குழாயிலும் தொட்டியிலும் பாக்டீரியா வளரும். திறந்த பாத்திரத்தில் நன்றாகத் தளதளவென்று 5 நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமியும் சாகும், குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள் என்பதால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஹேலோஅசிட்டிக் அமிலங்களில் சிலது கொதிப்பதால் போகாது, அதற்குத்தான் முதலில் ஃபில்டர். தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன், அதாவது அடுப்பை அணைத்த அரை மணி நேரத்துக்குள் பவுடரைக் கலந்து, பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள். சி பிளாக் வீடு என்றால், கசிவு அடைபடும்வரை ஏ பிளாக்கில் இருந்து தண்ணீர் பிடித்து வரச் சொல்லுங்கள்.